டஸ்கீகி: வாக்குகளுக்கு ஈடாகப் பெற்ற பள்ளிக்கூடம்

அமெரிக்க ஐக்கிய நாட்டின் தென்பகுதியில், அலபாமா மாநிலத் தலைநகராகிய மாண்ட்கோமெரிக்குக் கிழக்கே ஏறத்தாழ 40 மைல் தொலைவில் டஸ்கீகி என்னும் சிற்றூர் இருக்கிறது. மேக்கன் மாவட்டத்தின் தலைமையிடம் அது. 1881ஆம் ஆண்டில் அவ்வூரின் மக்கள்தொகை சுமார் 2,000. அவர்களுள் ஏறக்குறையப் பாதிப்பேர் கறுப்பினத்தார். முதன்மை இருப்புப்பாதை ஊரைத் தொடாமல் ஐந்து மைல் விலகிச் சென்றது. ஒரு சிறு கிளைப்பாதை மட்டும் ஊர்வரை வந்து நின்றது. மண் கரிசல். பருத்திக்கென்றே படைக்கப்பட்டது போன்ற மண். அதன் நிறத்தால் அவ்வட்டாரம் முழுவதுக்கும் ‘கறுப்புப் பட்டை’ என்ற பெயர் வழங்கியது. பருத்தி விளைவிக்க அடிமைகளைத் திரள்திரளாகக் கொண்டுவந்து குடியமர்த்திய பிறகு, அதே பெயர் மண்ணைக் குறிக்கிறதா மனிதரைக் குறிக்கிறதா என்று பிரித்தறிய முடியாதபடி ஆயிற்று.

இவ்வூரில் எழுந்த பள்ளியைப் பற்றி வாசகர்கள் பலர் புக்கர் டி. வாஷிங்டனின் ‘அப் ஃப்ரம் ஸ்லேவரி’ என்னும் தன்வரலாற்றின் வழியாக அறிந்திருக்கக்கூடும். நாமும் அவ்வழியாகவே அறிந்தோம். முதுகலை மாணவராக இருந்த நாளில் அந்நூலைப் படித்தபோது, உழைப்பால் உயர்ந்த ஒருவரின் கதையாக மட்டுமே அது நமக்குப் பட்டது. வகுப்பறையில் ஆண்டுகள் பல கழிந்தபின், அந்நூலையும் அதைச் சுற்றி எழுந்த வரலாற்றாய்வுகளையும் ஒருசேர வைத்துப் படிக்கையில் நம் கவனம் வேறோரிடத்தில் சென்று நிலைத்தது. இப்பள்ளி ஒரு தேர்தல் பேரத்தில் பிறந்தது. அப்பேரத்தில் கறுப்பின மக்கள் கொடுத்தது தங்கள் வாக்கை. இருபதே ஆண்டுகளில் அவ்வாக்கு அவர்களிடமிருந்து பறிக்கப்பட்டது. பள்ளி மட்டும் நின்றது. வாக்கைக் கொடுத்துப் பெற்ற பள்ளி, வாக்கு போனபின் என்ன செய்தது என்பதையே ஈண்டு ஆராயப் புகுகிறோம்.

1832இல் அலபாமா சட்டமன்றம் ஒரு சட்டம் இயற்றியிருந்தது. அடிமையாயினும், அடிமைநிலை நீங்கிய கறுப்பினத்தவராயினும், அவர்க்கு எழுத்துக்கூட்டவோ வாசிக்கவோ எழுதவோ கற்பிக்க முயல்வோர்க்கு 250 டாலருக்குக் குறையாத தண்டம் என்பது அச்சட்டம். எழுத்துக்கூட்டல், வாசித்தல், எழுதுதல் என மூன்றையும் தனித்தனியே எண்ணிச் சொன்ன அதன் நுட்பத்தை ஆசிரியத் தொழிலில் இருக்கும் நாம் கவனியாமல் விட முடியவில்லை. பாடத்திட்டம் வகுப்போர்கூட இத்துணைக் கருத்தாகப் படிநிலைகளைப் பிரிப்பதில்லை.

அச்சட்டம் நடைமுறையில் இருந்த காலத்தில் அடிமையாக வாழ்ந்தும் எழுதப் படிக்கக் கற்றுக்கொண்டவர் டஸ்கீகி ஊரினரான லூயிஸ் ஆடம்ஸ். பள்ளி வாசலை ஒருநாளும் மிதித்தவரல்லர். செருப்புத் தைத்தல், குதிரைச் சேணம் செய்தல், தகரவேலை ஆகிய மூன்று தொழில்களையும் அடிமையாக இருந்தபோதே கற்றுத் தேர்ந்தவர். விடுதலைக்குப் பின் சொந்தமாகத் தொழில் நடத்தினார். ஊரிலிருந்த கறுப்பின மக்கள் அவர் சொல்லை மதித்தனர்.

உள்நாட்டுப் போர் முடிந்து சில ஆண்டுகளில் கறுப்பின ஆடவர் வாக்களிக்கத் தொடங்கினர். 1870இல் அவ்வுரிமை நாட்டின் அரசியலமைப்பிலேயே இடம்பெற்றது. 1874இல் அலபாமாவின் ஆட்சி பழைய வெள்ளையர் கட்சியின் கைக்கு மீண்டுவிட்டதெனினும், மேக்கன் போன்ற மாவட்டங்களில் கறுப்பின வாக்குக்கு இன்னும் எடை இருந்தது. 1880ஆம் ஆண்டுத் தேர்தலில் மாநில மேலவைக்குப் போட்டியிட்ட டபிள்யூ. எஃப். ஃபாஸ்டர், அடிமைமுறையைக் காக்கப் போரிட்ட தென்மாநிலப் படையில் கர்னலாக இருந்தவர். அவர் லூயிஸ் ஆடம்ஸைத் தேடி வந்தார். உம் மக்களின் வாக்குகளைப் பெற்றுத் தந்தால் உமக்கு என்ன வேண்டும் என்று கேட்டார். ஆடம்ஸ் பணம் கேட்கவில்லை, பதவியும் கேட்கவில்லை. தம் மக்களுக்கு ஒரு பள்ளி வேண்டும் என்றார். ஆசிரியர்களை உருவாக்கும் பள்ளி.

ஃபாஸ்டர் வென்றார். வென்றபின் சொன்ன சொல்லைக் காப்பாற்றவும் செய்தார் என்பதை இங்குக் குறிப்பிட்டாக வேண்டும். தேர்தல் வாக்குறுதிகளின் வரலாற்றில் இஃது அடிக்கடி காணக் கிடைப்பதன்று. 1881 பிப்ரவரியில் சட்டம் நிறைவேறியது. ஆண்டுக்கு 2,000 டாலர் ஒதுக்கப்பட்டது. ஆயினும் அத்தொகை ஆசிரியர் ஊதியத்துக்கு மட்டுமே உரியது. நிலத்துக்கோ கட்டடத்துக்கோ பலகைக்கோ புத்தகத்துக்கோ ஒரு செப்புக்காசும் இல்லை. இடமில்லாத பள்ளி ஒன்றைக் காகிதத்தில் எழுதி ஆடம்ஸின் கையில் கொடுத்தது மாநில அரசு.

ஆசிரியரைத் தேடும் பொறுப்பில் ஆடம்ஸுக்குத் துணைநின்றவர் ஜார்ஜ் கேம்பல் என்ற வெள்ளையர். முன்னாளில் அடிமைகளை வைத்திருந்தவர், வணிகர், வங்கி நடத்தியவர். வர்ஜீனியாவில் இருந்த ஹாம்ப்டன் பள்ளியின் தலைவர் ஜெனரல் சாமுவேல் ஆம்ஸ்ட்ராங்குக்குக் கடிதம் போயிற்று. ஒரு வெள்ளையரைத்தான் அனுப்புவார் என்று அவர்கள் எண்ணியிருந்தனர். ஆம்ஸ்ட்ராங் தம் பழைய மாணவரான 25 வயது இளைஞர் ஒருவரைப் பரிந்துரைத்தார். அடிமைக் குடிசையில் பிறந்து, தாம் பிறந்த நாளே இன்னதென்று உறுதியாக அறியாத புக்கர் வாஷிங்டன் இவ்வாறு டஸ்கீகிக்கு வந்து சேர்ந்தார்.

வந்து பார்த்தவர்க்குப் பள்ளி எங்கே என்பதே முதல் வினாவாயிற்று. ஊரிலிருந்த கறுப்பின மக்களின் தேவாலயமும் அதனருகே இடிந்து கிடந்த ஒரு குடிலும் தற்காலிகமாகக் கிடைத்தன. 1881 ஜூலை 4ஆம் நாள், நாட்டின் விடுதலை நாளன்று, 30 மாணவர்களுடன் பள்ளி தொடங்கிற்று. குடிலின் கூரை ஒழுகியது. மழை வந்தால் மூத்த மாணவர் ஒருவர் தம் பாடத்தை விட்டெழுந்து, மற்றவர்கள் ஒப்பிப்பதை வாஷிங்டன் கேட்டு முடிக்கும்வரை அவர் தலைக்குமேல் குடை பிடித்து நிற்பாராம். தங்கியிருந்த வீட்டிலும் அதே நிலை. அவர் காலையுணவு கொள்ளும்போது வீட்டுக்கார அம்மையார் குடை பிடித்திருக்கிறார். இதைச் சொல்லுமிடத்தில் வாஷிங்டனின் நடையில் தன்னிரக்கம் சிறிதும் இல்லை.

முதல் மாணவர்களைப் பற்றி அவர் தரும் சித்திரம் நம்மை மிகவும் ஈர்த்தது. அவர்களுள் பெரும்பாலோர் ஏற்கெனவே ஊர்ப்பள்ளிகளில் ஆசிரியராக இருந்தவர்கள். சிலர் நாற்பது வயதை நெருங்கியவர்கள். தம்மிடம் முன்பு படித்த மாணவர்களோடு ஒரே பள்ளியில் வந்து சேர்ந்தவர்களும் உண்டு. புத்தகம் எவ்வளவு பெரிதோ, பாடத்தின் பெயர் எவ்வளவு நீளமோ, அவ்வளவுக்கு அவர்களுக்குப் பெருமிதம். கனமூலம் காணும் விதியை ஒப்பித்தவர்களுக்கு வாய்பாடு தெரியாது. வங்கிக் கணக்கும் கழிவும் படித்ததாகச் சொன்னவர்களோ அவர்தம் சுற்றத்தாரோ பெரும்பாலும் வங்கியில் கணக்கே வைத்திருந்ததில்லை. பள்ளி தொடங்குமுன் கிராமங்களைச் சுற்றிப் பார்த்தபோது, எண்ணெய்ப் பிசுக்கேறிய உடையுடன், களை மண்டிய தோட்டத்தின் நடுவே, ஓரறைக் குடிசையில் அமர்ந்து பிரெஞ்சு இலக்கணம் படித்துக்கொண்டிருந்த ஓர் இளைஞனைத் தாம் கண்டதாகவும் எழுதுகிறார் வாஷிங்டன்.

இக்காட்சியை அவர் வருத்தம் தரும் ஒன்றாகவே காட்டுகிறார். நாம் இதில் அவரோடு முழுவதும் உடன்பட இயலவில்லை. தலைமுறை தலைமுறையாக எழுத்து மறுக்கப்பட்ட ஒருவனுக்குப் பிரெஞ்சு இலக்கணத்தின் மேல் ஆசை பிறந்ததில் நகைப்பதற்கு என்ன இருக்கிறது? களையை நாளை பிடுங்கிக்கொள்ளலாம். அவ்விளைஞனின் பெயர் எங்கும் பதிவாகவில்லை. ஆனால் பின்னாளில் டபிள்யூ. இ. பி. டூ பாய்ஸ் 1903இல் வெளியிட்ட ‘தி சோல்ஸ் ஆஃப் பிளாக் ஃபோக்’ நூலில் வாஷிங்டனோடு நிகழ்த்திய விவாதத்தின் ஒரு பகுதி இவனைப் பற்றியதே. கறுப்பின மக்களுக்குத் தொழிற்கல்வி போதுமா, உயர்கல்வியும் வேண்டுமா என்ற அவ்விவாதம் இன்றளவும் பல நாடுகளில் பல பெயர்களில் நடந்துகொண்டிருக்கிறது.

ஊருக்கு ஒரு மைல் தொலைவில், கைவிடப்பட்ட பழைய பருத்திப் பண்ணை ஒன்று விலைக்கு வந்தது. எசமானரின் மாளிகை எரிந்து போயிருந்தது. ஏறத்தாழ நூறு ஏக்கர் நிலம். விலை 500 டாலர். பாதியை உடனே கட்ட வேண்டும். ஹாம்ப்டன் பள்ளியின் பொருளாளர் ஜெனரல் ஜெ. எஃப். பி. மார்ஷல் பள்ளிப் பணத்தைத் தர அதிகாரம் இல்லாதபடியால் தம் சொந்தப் பணத்தைக் கடனாகத் தந்தார். நிலத்தில் எஞ்சி நின்றவை ஓர் உணவுக்கூடம், ஒரு சமையற்கட்டு, ஒரு குதிரை லாயம், ஒரு கோழிக்கொட்டகை. அனைத்தும் வகுப்பறைகளாயின. லாயத்தில் ஒரு வகுப்பு, கோழிக்கொட்டகையில் ஒரு வகுப்பு. அடிமைகள் உழுத நிலத்தில் அவர்தம் பிள்ளைகள் எழுத்துக் கற்றனர்.

கடனை அடைப்பதில் பெரும்பங்கு ஒலிவியா டேவிட்சன் என்ற ஆசிரியையுடையது. பள்ளி தொடங்கிய ஆறாவது வாரத்தில் வந்து சேர்ந்தவர் அவர். வீடு வீடாகச் சென்று, வெள்ளையர் வீடு கறுப்பினத்தார் வீடு என்று பாராமல், ஓர் அப்பமோ ஒரு கோழியோ ஒரு ரொட்டியோ கேட்டு வாங்கி, அவற்றை வைத்து விருந்துகள் நடத்திப் பணம் திரட்டினார். பள்ளியின் வரலாறு எழுதுவோர் வாஷிங்டனுக்குத் தரும் பக்கங்களில் பத்தில் ஒன்றைக்கூட இவ்வம்மையாருக்குத் தருவதில்லை. 1885இல் வாஷிங்டனை மணந்த அவர் 1889இல் இறந்தார்.

அக்காலத்தில் நடந்ததாக வாஷிங்டன் சொல்லும் ஒரு செய்தி உண்டு. எழுபது வயது மதிக்கத்தக்க ஒரு மூதாட்டி, கந்தலுடுத்தியிருந்தும் தூய்மையாக, கைத்தடி ஊன்றிப் பள்ளிக்கு வந்தார். தம் வாழ்நாளின் சிறந்த ஆண்டுகளெல்லாம் அடிமைத்தனத்தில் கழிந்தனவென்றும், கையில் பணம் ஏதுமில்லையென்றும் சொல்லி, சேர்த்து வைத்திருந்த ஆறு முட்டைகளை இப்பிள்ளைகளின் படிப்புக்கென்று கொடுத்துப் போனார். பின்னாளில் பெருஞ்செல்வர்களாகிய ஆண்ட்ரூ கார்னெகி போன்றோர் பள்ளிக்குப் பேரளவில் நன்கொடை வழங்கினர். எனினும் தம் மனத்தைத் தொட்ட கொடைகளுள் அம்மூதாட்டியின் முட்டைகளுக்கு நிகரில்லை என்கிறார் வாஷிங்டன். இதில் அவரோடு நாம் முழுவதும் உடன்படுகிறோம்.

இனிச் செங்கல். கட்டடங்களை மாணவர்களே எழுப்ப வேண்டும் என்பது வாஷிங்டனின் பிடிவாதம். ஊரில் செங்கல் சூளை கிடையாது. விலைக்கு வாங்கப் பணம் கிடையாது. முழங்கால் சேற்றில் நின்று மண் மிதிக்க வேண்டும் என்றானபோது மாணவர் சிலர் பள்ளியை விட்டே போயினர். படிக்க வந்தவர்களைச் சேறு மிதிக்கச் சொல்கிறார்களே என்ற அவர்தம் மனக்குறையை நாம் புரிந்துகொள்ள முடியும். அடிமைத்தனம் முடிந்து பதினாறே ஆண்டுகள் ஆகியிருந்தன. அறுத்துக் காயவைத்த 25,000 கல்லை அடுக்கிச் சூளை வைத்தனர். சரியாக அடுக்காமையாலோ சரியாக எரியாமையாலோ அது வீணாயிற்று. இரண்டாம் சூளையும் வீண். ஹாம்ப்டனில் தொழில் பயின்ற ஆசிரியர்கள் முன்வந்து மூன்றாம் சூளையை வைத்தனர். ஒரு வாரம் எரிய வேண்டிய சூளை. வாரத்தின் இறுதியில், இன்னும் சில மணிநேரத்தில் கல் கிடைத்துவிடும் என்ற நிலையில், நள்ளிரவில் சரிந்து விழுந்தது.

ஆசிரியர்கள் முயற்சியைக் கைவிடச் சொன்னார்கள். வாஷிங்டன் தம் கைக்கடிகாரத்தை எடுத்துக்கொண்டு மாண்ட்கோமெரிக்குப் போய் 15 டாலருக்கு அடகு வைத்தார். அப்பணத்தில் வைத்த நான்காம் சூளை வெந்தது. கடிகாரத்தை அவர் மீட்கவேயில்லை. அந்நூல் எழுதும் காலத்தில், ஓராண்டில் 12 இலட்சம் கல் அறுக்கும் நிலைக்குப் பள்ளி வந்திருந்தது. வளாகத்திலிருந்த 40 கட்டடங்களுள் நான்கைத் தவிர ஏனைய யாவும் மாணவர் கையால் எழுந்தவை. பள்ளியை விரும்பாத வெள்ளையர்களும் கல் வாங்க அங்கு வந்தார்கள். நல்ல கல் தருபவனை ஊர் தாங்கிக்கொள்ளும் என்பது வாஷிங்டனின் கணக்கு. அக்கணக்கு ஓரளவு பலித்தது. எதுவரை பலித்தது என்பதில்தான் சிக்கல்.

1895 ஜூன் மாதம். டஸ்கீகியில் தாமஸ் ஹாரிஸ் என்ற கறுப்பின வழக்கறிஞர் இருந்தார். வெள்ளைச் சமயப் போதகர் ஒருவரைத் தம் வீட்டில் தங்கவைத்ததற்காக வெள்ளையர் கூட்டம் ஒன்று அவரை வளைத்தது. காலில் குண்டு பாய்ந்தது. மகன் துணையோடு அன்றிரவு அவர் அடைக்கலம் தேடி வந்த இடம் வாஷிங்டனின் வீட்டு வாசல். வாஷிங்டன் அவரை உள்ளே அழைக்கவில்லை. ஊர் முழுவதும் அறியத் திருப்பியனுப்பினார். வெள்ளையர் பாராட்டினர்; கறுப்பினத்தார் இதழ்கள் கண்டித்தன. அவர் இரண்டுக்கும் மறுமொழி சொல்லவில்லை. பின்னர் நண்பர் ஃபிரான்சிஸ் கிரிம்கே என்ற போதகருக்கு எழுதிய தனிக்கடிதத்தில்தான் உண்மை வெளிப்பட்டது. ஹாரிஸைப் பாதுகாப்பான இடத்துக்கு அனுப்பியதும், மருத்துவருக்குத் தம் கைப்பணத்தைக் கொடுத்ததும் வாஷிங்டனே. வீட்டுக்குள் விட்டிருந்தால் கூட்டம் பள்ளியைத் தேடி வந்திருக்கும் என்பது அவர் அச்சம்.

மூன்று மாதம் கழித்து, செப்டம்பர் 18ஆம் நாள், அட்லாண்டா நகரக் கண்காட்சியில் வாஷிங்டன் ஆற்றிய சொற்பொழிவு அவரை நாடறிந்த தலைவராக்கியது. சமூக வாழ்வில் இரு இனமும் விரல்களைப்போல் தனித்தனியே இருக்கலாம் என்ற கருத்து அதில் இருந்தது. சமத்துவத்துக்காகக் கிளர்ச்சி செய்வதை அறிவின்மை என்றார். ஹாரிஸின் குருதி வாசலில் காய்ந்து மூன்று மாதமே ஆகியிருந்த ஒருவர் பேசிய பேச்சு இது என்பதை மறந்து அதனைப் படிக்க நம்மால் கூடவில்லை. கோழைத்தனம் என்போரும் உளர், தந்திரம் என்போரும் உளர். சூளை மூன்றுமுறை சரிந்ததைப் பார்த்த ஒருவருக்கு, எழுந்து நிற்பது எதுவாயினும் அதைச் சரியவிடக் கூடாது என்ற நடுக்கம் உள்ளூர இருந்திருக்கும் என்பது நம் துணிபு.

‘அப் ஃப்ரம் ஸ்லேவரி’ நூல்வடிவம் பெற்ற 1901ஆம் ஆண்டிலேயே அலபாமா மாநிலம் தனக்கொரு புதிய அரசியலமைப்பை வகுத்துக்கொண்டது. எழுத்தறிவுத் தேர்வு, சொத்துத் தகுதி, வாக்கு வரி, நன்னடத்தைச் சான்று என்று அடுக்கடுக்காக விதிகள். வாக்களிக்கும் வயதை எட்டிய கறுப்பின ஆடவர் மாநிலத்தில் சுமார் 1,80,000 பேர். இரண்டாண்டுகளில் பட்டியலில் எஞ்சியவர் சுமார் 3,000. ஃபாஸ்டர் தேடிவந்து கேட்ட வாக்கு இல்லாமற் போயிற்று. லூயிஸ் ஆடம்ஸைப் போன்ற ஒருவர் இனி எந்த வேட்பாளரிடமும் எதையும் கேட்டுப்பெற வழியில்லை.

வெளிப்படையாக வாஷிங்டன் இதை எதிர்த்துக் கிளர்ச்சி செய்யவில்லை. ஆனால் மாண்ட்கோமெரியைச் சேர்ந்த ஜாக்சன் கைல்ஸ் என்ற கறுப்பின வாக்காளர் தம் வாக்குரிமைக்காகத் தொடுத்த வழக்குக்கு மறைவாகப் பணம் கொடுத்தவர் அவரே. வழக்கறிஞர் வில்ஃபர்ட் ஸ்மித்துக்கும் வாஷிங்டனின் செயலாளருக்கும் இடையே நடந்த கடிதப் போக்குவரத்து புனைபெயர்களில் நடந்தது. 1903இல் உச்ச நீதிமன்றம் கைல்ஸுக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. ஒரு மாநிலத்து மக்கள் சேர்ந்து இழைக்கும் அரசியல் தீங்குக்கு நீதிமன்றத்தில் மருந்தில்லை என்ற அளவில் அது நின்றது. அப்பணம் எங்கிருந்து வந்தது என்பதை அன்று நாடு அறியவில்லை. வாஷிங்டனின் கடிதங்களை லூயிஸ் ஹார்லன் 1972 தொடங்கிப் பதினான்கு தொகுதிகளாகப் பதிப்பித்த காலத்திலேயே இவ்விரட்டை வாழ்க்கை முழுமையாகத் துலங்கிற்று. பதிப்புப்பணியின் அருமையை அறிந்த வாசகர்க்கு இதற்குமேல் சொல்ல வேண்டியதில்லை.

அதே 1903இல் தென்னாப்பிரிக்காவில் காந்தி தொடங்கிய ‘இந்தியன் ஒப்பீனியன்’ இதழில், செப்டம்பர் மாதம், வாஷிங்டனின் வாழ்வைப் பாராட்டி ஒரு கட்டுரை வெளிவந்தது. ஆங்கிலம், குசராத்தி, இந்தி ஆகியவற்றோடு தமிழ்ப் பகுதியும் கொண்டு வெளிவந்த இதழ் அது. ஃபீனிக்ஸ் பண்ணையிலும் பின்னர் டால்ஸ்டாய் பண்ணையிலும் கைத்தொழிலைக் கல்வியோடு இணைத்துப் பார்த்த காந்திக்கு டஸ்கீகி முன்பே அறிமுகமாகியிருந்தது என்பது நம் மாணவர் பலருக்குப் புதிய செய்தியாக இருக்கும்.

வாஷிங்டன் 1915 நவம்பர் 14ஆம் நாள் இறந்தார். 1922இல் வளாகத்தில் அவருக்குச் சிலை எடுத்தனர். சிற்பி சார்லஸ் கெக். மண்டியிட்டிருக்கும் கறுப்பின மனிதன் ஒருவன்மேல் போர்த்தியுள்ள அறியாமைத் திரையை வாஷிங்டன் தூக்குவதாக அமைந்தது அச்சிலை. 1933இல் இசை பயில அங்கே வந்து சேர்ந்து, படிப்பை முடிக்காமல் 1936இல் வெளியேறிய மாணவர் ஒருவர் இச்சிலையை நாள்தோறும் கண்டிருப்பார். அவர் ரால்ஃப் எலிசன். 1952இல் வெளிவந்த அவருடைய ‘இன்விசிபிள் மேன்’ நாவலில் ஒரு கல்லூரியும் அதில் இத்தகைய சிலையும் வருகின்றன. திரை தூக்கப்படுகிறதா, இன்னும் இறுக்கி மூடப்படுகிறதா என்று கதைசொல்லிக்குத் தெரிவதில்லை. டஸ்கீகி பற்றி எழுதப்பட்ட விமரிசனங்களுள் இதைவிடச் சுருக்கமானதும் கூர்மையானதும் வேறில்லை என்று கருதுகிறோம்.

1896இல் வந்து சேர்ந்த ஜார்ஜ் வாஷிங்டன் கார்வரின் வேர்க்கடலை ஆராய்ச்சிகள், இரண்டாம் உலகப் போரில் பெயர்பெற்ற கறுப்பின விமானிகள் ஆகிய செய்திகள் பலரும் அறிந்தவை, விரிப்பின் பெருகும். 1932 முதல் 1972 வரை அரசின் பொதுநலத்துறை மேக்கன் மாவட்டத்து ஏழைக் கறுப்பின ஆடவர் 600 பேரை வைத்து, அவர்களுள் மேகநோய் கண்ட 399 பேருக்குத் தக்க மருத்துவம் தராமலேயே நோயின் போக்கை மட்டும் கவனித்துவந்தது. பள்ளியின் மருத்துவமனையும் அதற்கு இடம் தந்தது. ஊரின் பெயரை உலகில் பலர் இக்கொடுமையின் பெயராகவே அறிவர். 1997இல் குடியரசுத் தலைவர் கிளிண்டன் மன்னிப்புக் கேட்டார்.

நாம் தொடங்கிய இடத்துக்கு, வாக்குக்கு, மீள்வோம். 1928இல் சார்லஸ் கோமிலியன் என்பவர் டஸ்கீகியில் ஆசிரியராகச் சேர்ந்தார். சமூகவியலாளர்; அமைதியானவர். வாக்காளராகப் பதிவுசெய்துகொள்ளப் பலமுறை முயன்றார். பதிவு வேண்டுவோருக்கு வெள்ளையர் ஒருவர் சான்று சொல்ல வேண்டும் என்பது அங்கே நிலவிய வழக்கம். 1939இல், தமக்கு வீடு கட்டித்தர வந்த வெள்ளைய ஒப்பந்தக்காரர் சான்று சொல்ல இசைந்த பிறகே கோமிலியன் வாக்காளரானார். ஒரு வாக்கைக் கொண்டு பள்ளி வாங்கிய ஊரில், ஒரு வீட்டைக் கொண்டு வாக்கு வாங்க வேண்டியிருந்தது.

1941இல் அவரும் நண்பர்களும் டஸ்கீகி குடிமக்கள் கழகத்தை அமைத்தனர். பதிவு வாரியம் கூடாமலேயே மாதக்கணக்கில் காலம் கடத்தும். கூடினாலும் ஒளிந்துகொண்டது போல் கூடும். முனைவர் பட்டம் பெற்ற பேராசிரியர்கள் எழுத்தறிவுத் தேர்வில் தவறியதாக அறிவிக்கப்பட்டனர். இத்தனை தடைகளையும் தாண்டி 1950களின் நடுவில் ஊரில் சுமார் 400 கறுப்பின வாக்காளர்கள் உருவாகிவிட்டார்கள். அவர்களுள் பெரும்பாலோர் பள்ளியையும் அங்கிருந்த முன்னாள் படைவீரர் மருத்துவமனையையும் சேர்ந்தவர்கள்.

400 வாக்குகள் ஊரை அச்சுறுத்தின. 1957இல் மாநில மேலவை உறுப்பினர் சாம் எங்கல்ஹார்ட் ஒரு சட்டம் கொண்டுவந்தார். அதுவரை சதுரமாக இருந்த நகர எல்லை 28 பக்கங்கள் கொண்ட விசித்திர வடிவாக மாற்றி வரையப்பட்டது. நான்கைந்து பேர் தவிர எல்லாக் கறுப்பின வாக்காளர்களும் எல்லைக்கு வெளியே போனார்கள். ஒரு வெள்ளையர்கூட வெளியேறவில்லை. பள்ளியும் வெளியே போயிற்று. வாக்குரிமையற்றோர் கட்டிய செங்கற் கட்டடங்களை ஊருக்குள் வைத்துக்கொள்ள இசைந்தவர்கள், அவற்றினுள்ளிருந்து வாக்காளர்கள் வெளிப்பட்டவுடன் ஊரையே சுருக்கிக்கொண்டார்கள்.

கறுப்பின மக்கள் அவ்வாண்டு ஜூன் மாதம் தொடங்கி வெள்ளையர் கடைகளில் பொருள் வாங்குவதை நிறுத்தினர். அது பல ஆண்டுகள் நீடித்தது. கடைகள் பல மூடப்பட்டன. நல்ல கல் தருபவனை ஊர் தாங்கிக்கொள்ளும் என்ற வாஷிங்டனின் பொருளாதாரக் கணக்கை அவருடைய வழித்தோன்றல்கள் தலைகீழாக்கிப் பயன்படுத்தினர் எனலாம். கோமிலியன் நகரத் தலைவர்மேல் வழக்குத் தொடுத்தார். கீழ்நீதிமன்றங்கள் தள்ளின, வழக்கு உச்ச நீதிமன்றத்துக்குச் சென்றது. வாதாடியவர் ஃபிரெட் கிரே, இருபதுகளின் இறுதியில் இருந்த கறுப்பின இளைஞர். விசாரணையின்போது அவர் பழைய எல்லையையும் புதிய எல்லையையும் காட்டும் பெரிய வரைபடம் ஒன்றை வைத்திருந்தார். நீதிபதி ஃபிராங்க்ஃபர்ட்டர் அதைப் பார்த்து, டஸ்கீகி பள்ளி இதில் எங்கே இருக்கிறது என்று வினவினார். பள்ளி நகரத்துக்கு வெளியே இருப்பதாக அறிந்ததும் அவர் வியப்படைந்தார் என்றும், அப்போதே வழக்கின் முடிவு தமக்கு விளங்கிவிட்டது என்றும் கிரே பின்னாளில் எழுதியிருக்கிறார். 1960 நவம்பர் 14ஆம் நாள், வாஷிங்டன் இறந்து சரியாக நாற்பத்தைந்து ஆண்டுகள் நிறைந்த அன்று, நீதிமன்றம் கருத்துவேறுபாடின்றிக் கோமிலியனுக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தது. தீர்ப்பை எழுதியவர் ஃபிராங்க்ஃபர்ட்டர். மறு ஆண்டு பழைய எல்லை மீண்டது. பள்ளி மறுபடியும் ஊருக்குள் வந்தது.

1966 ஜனவரி 3ஆம் நாள், வாக்காளர் பதிவுப் பணியில் பகலைக் கழித்துவிட்டு வந்த சாமி யங் என்ற டஸ்கீகி மாணவர், ஓர் எரிபொருள் நிலையத்தில் வெள்ளையருக்கென்று ஒதுக்கிய கழிப்பறையைப் பயன்படுத்த முயன்றபோது சுட்டுக் கொல்லப்பட்டார். வயது 21. அவ்வாண்டு நவம்பரில் மேக்கன் மாவட்ட மக்கள் லூசியஸ் அமர்சன் என்ற கறுப்பினத்தவரை ஷெரீஃப் பதவிக்குத் தேர்ந்தெடுத்தனர். டிசம்பரில், முழுக்க வெள்ளையரைக் கொண்ட நடுவர் குழு சாமி யங்கைச் சுட்டவரை விடுவித்தது. பள்ளி மாணவர்கள் இரவில் ஊர்வலமாக ஊருக்குள் வந்தார்கள். ஊரின் நடுச்சதுக்கத்தில், ஃபாஸ்டரின் படையைச் சேர்ந்த போர்வீரன் ஒருவனின் சிலை நின்றுகொண்டிருந்தது. அதன்மேல் வண்ணம் பூசிவிட்டுத் திரும்பினார்கள்.